பால் நிறப் பை

தூத்துக்குடியில் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அந்தப் பையை நின்று கவனித்தேன். குரோன் நோய் முற்றிச் சிறுகுடல் அடைத்துக்கொண்டவர். வாய்வழியாகச் சாப்பாடு கூடாது; சிரைவழியாக ஏற்றும் உணவுதான் அந்தப் பையில். பையில் மூன்று அறைகள்: குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு. நர்ஸ் அதை மேல்முனையிலிருந்து பாய் சுருட்டுவதுபோல நிதானமாகச் சுருட்டினார். உள்தடுப்பு 'பொத்'தென்று விட்டது. தலைகீழாக இரண்டு மூன்று முறை புரட்டியதும் தெளிந்த நீருக்குள் வெள்ளை மேகம் இறங்கி, எல்லாம் ஒரே பாலாயிற்று. பால் என்பது கண்ணுக்குத்தான்; ரத்தச் சிவப்பணுவைவிடப் பல மடங்கு சிறிய எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. எண்ணெய் பிரிந்து மிதந்தால் பை குப்பைக்குத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் முத்தைப்போல ஒரு மங்கல் மினுக்கம். இந்த ஊரில் வேறெதோடு ஒப்பிடுவது?

என்னை அதிகம் கவர்ந்தது அவசரமின்மை. குழாய் முனையை ஸ்பிரிட் பஞ்சால் தேய்தேயென்று தேய்த்து, காயும்வரை காத்திருந்தார் நர்ஸ். புஜத்தில் நுழைந்து, இதயத்துக்குப் பக்கத்தில் பெரிய சிரையில் முடியும் மெல்லிய குழாய் அது. கிருமி புகுந்தால் வம்பு. பம்ப் மெல்ல முனகத் தொடங்கியது. சர்க்கரை தாறுமாறாகாமல் இருக்க, வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, முடிக்கும்போதும் அப்படியே குறைப்பார்களாம். இது நோயைத் தீர்க்கும் மருந்தல்ல. குடல் போதிய அளவு வேலை செய்தால் பொதுவாக இதைத் தொட மாட்டார்கள். "சிஸ்டர், இதுல பொரிச்ச பரோட்டா எத்தன இருக்கும்?" என்றார் உறவுக்காரர். "கைய ஆட்டாதீங்க அண்ணாச்சி" என்ற நர்ஸ், முத்துக்குளிக்கிறவரின் கயிற்றைப் படகிலிருந்து பிடித்திருப்பவரைப் போல, குழாயின் மேல் விரலை வைத்தபடி நின்றார்.