பக்கத் திறவிடத்துக்கு விலக்கு: அடுத்த வீட்டாரைக் கேட்டது யார்?

திருப்பூரில் மூன்று சென்ட் சைட்டில் வீடு கட்டுபவர் பக்கத்தில் இடம் விடத் தயங்கினால், அதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த மனைகள் அகலம் குறுகி நீண்டு கிடக்கின்றன. 20 அடி அகலத்தில் பக்கத்துக்கு மூன்றடி விட்டால் மிஞ்சுவது 14 அடி. இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்களைக் கழித்தால் பன்னிரண்டரை. அதற்குள்தான் படிக்கட்டும் வர வேண்டும். இவர் செட்பேக்கில், அதாவது பக்கத் திறவிடத்தில், சலுகை கேட்பது நியாயம்தான்.

ஆனால் அந்த நியாயத்தில் ஒரு பகுதியை விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம், சாலையின் அகலம் ஆகியவற்றைப் பார்த்தே திறவிடத்தின் அளவைச் சொல்கின்றன. தொடர் கட்டடப் பகுதிக்குத் தனி அளவும் உண்டு. இதற்கு மேலும் விலக்கு கேட்பவர், தன் மனைக்கு மட்டும் உள்ள இடைஞ்சல் என்ன என்பதைக் காட்டியாக வேண்டும். வாடகைக்கு இன்னும் ஓர் அறை வேண்டும் என்பது இடைஞ்சல் ஆகாது.

திருப்பூரில் இந்த விலக்குக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கடுமையானது. வீடு என்று பிளான் வாங்கிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாளை நான்கு ஓவர்லாக், இரண்டு பிளாட்லாக் தையல் மெஷின்கள் வந்துவிடலாம். இந்த ஊர் வளர்ந்ததே இப்படிச் சிறு சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளால்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மெஷினோடு துணி ரோலும் கட்டிங் வேஸ்ட் மூட்டையும் வருகின்றன. பருத்தித் துணியில் தீப்பிடித்தால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வெளியேறவோ தண்ணீர் அடிக்கவோ வழி எங்கே? பஞ்சுத் தூசியும் மெஷின் சத்தமும் போய்ச் சேர்வது அடுத்த வீட்டு ஜன்னலுக்கு. அந்த மூன்றடி மனைக்காரரின் பட்டாவில் இருந்தாலும், அதன் பலன் இரண்டு குடும்பங்களுக்குரியது.

அந்த இன்னொரு குடும்பத்தைக் கேட்காததுதான் நம் சட்டத்தின் பெருங்குறை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், 113-ஆம் பிரிவின்கீழ் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அப்படி வந்த 62 அரசாணைகளை எதிர்த்த வழக்கில், 2000-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. காரணம் சொல்லாமல் விலக்கு வழங்கிய போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. 1998-இல் சேர்க்கப்பட்ட 113-ஏ, 1999 பிப்ரவரி 28 வரை கட்டிய விதிமீறல் கட்டடங்களைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்த இடம் தந்தது. கெடு மீண்டும் மீண்டும் நீண்டது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லாது என்றது. பிறகு 113-சி வந்து 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கு வழி திறந்தது. 113-ஏ, 113-சி இரண்டும் கட்டி முடித்த பின் கிடைத்த மன்னிப்புகள். விதிப்படி இடம் விட்டு, ஓர் அறையை இழந்தவருக்கு இவற்றால் என்ன கிடைத்தது?

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனடி அனுமதி தருகிறது. ஆபீஸ் படியேறும் அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் வானம் தோண்டுவதற்கு முன் எல்லையை அளந்து பார்க்கும் வெளிக்கண் அதில் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகளின் தாமதமோ போட்ட முதலீடோ சட்டவிரோதக் கட்டடத்தைச் சட்டப்படியானதாக்காது என்றது. செங்கல் வைத்த பிறகு வரும் அந்தக் கண்டிப்பு இரண்டு வீட்டாருக்கும் நஷ்டம்.

அமெரிக்க நகரங்களில் இத்தகைய விலக்கு கேட்டால் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புப் போகும். பொது விசாரணை நடக்கும். தானே உண்டாக்கிக்கொண்ட இடைஞ்சலைக் காரணமாகக் காட்டுவது பொதுவாக எடுபடாது. வசதியுள்ளவர்கள் ஏழைகள் குடிவருவதைத் தடுக்க அந்த மேடையைப் பயன்படுத்துவதும் உண்டு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அடுத்த வீட்டாரைக் கேட்பது என்ற ஒன்று மட்டும் நமக்கு வேண்டும்.

திருப்பூர் மாநகராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும், திறவிட விலக்கு கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்த மனையிலேயே பலகை வைத்து அறிவிக்கட்டும். இரு பக்கத்து வீட்டாரின் ஆட்சேபணையை எழுத்தில் வாங்கட்டும். ஆணையில் காரணத்தையும், அந்தக் கட்டடத்தில் மெஷின் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையையும் எழுதட்டும்.