நிகீத்தாவின் இருபது ரூபிள்

தன்னலத்தை அன்பு வெல்லும் என்பதற்கு இலக்கியச் சான்று தேடுவோர் டால்ஸ்டாயின் 'எசமானனும் வேலையாளும்' என்ற கதையை எடுத்துக்காட்டுவதுண்டு. 1895ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கதையின் முடிவு எவரையும் உருக்கவல்லது. பனிப்புயலில் வழிதவறிய வணிகன் பிரெஹுனோவ், விறைத்துப்போகும் நிலையிற் கிடக்கும் தன் வேலையாள் நிகீத்தாவின்மேல் உரோமக் கோட்டைத் திறந்து கவிந்து படுக்கின்றான். உடற்சூட்டால் அவனைப் பிழைக்கவைத்துத் தான் இறந்துபோகின்றான். இம்முடிவைப் போற்றுவோர் பலர். கதையின் தொடக்கத்தை நினைவுகூர்வோர் சிலரே. நாம் ஈண்டு அத்தொடக்கத்தையே ஆராய விரும்புகின்றோம்.

பிரெஹுனோவ் கடை வைத்திருப்பவன், தேவாலய நிருவாகியுங்கூட. நிகீத்தாவைப் போன்ற உழைப்பாளிக்கு ஆண்டுக்கு எண்பது ரூபிள் தகும். அவன் கொடுப்பதோ ஏறத்தாழ நாற்பது. அதனையும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை. சிறுகச் சிறுக, பெரும்பாலும் தன் கடைச் சாமான்களாக, கூடிய விலையிட்டுக் கொடுக்கின்றான். திருநாளுக்கு இரண்டு நாள் முந்தி நிகீத்தாவின் மனைவி வருகின்றாள். மாவும் தேயிலையும் சீனியும் வொட்காவுமாக மூன்று ரூபிள் பெறுமதியான சாமான்களையும் ஐந்து ரூபிள் காசையும் பெற்று, பேருபகாரம் அடைந்தவளாய் நன்றி கூறிச் செல்கின்றாள். அவ்வேளையில் நிகீத்தாவுக்குச் சேரவேண்டிய பாக்கி இருபது ரூபிளுக்குக் குறையாது என்று ஆசிரியர் போகிறபோக்கிற் சொல்லிவிடுகின்றார்.

உரிமையாக வரவேண்டியது உபகாரமாக மாறும் இடம் இதுவே. பிரெஹுனோவ் கபட நாடகம் ஆடுபவன் அல்லன். நிகீத்தாவுக்குத் தானே உபகாரி என்று மனமார நம்புகின்றான். மற்றவர்களைப்போல் காக்கவைப்பதும் கணக்குப் பார்ப்பதும் அபராதம் விதிப்பதும் தன்னிடம் இல்லை என்பது அவனுடைய பெருமை. தான் ஏமாற்றப்படுவதை நிகீத்தா அறிவான்; ஆயின் போக்கிடம் இல்லாதவன் கணக்குக் கேட்டு ஆவதென்ன? தகப்பனுக்கு உழைப்பதுபோல் உழைப்பதாகக் கூறி அமைகின்றான். அவனை நம்பி வாழ்வோர் அனைவரும் இவ்வாறே தலையசைப்பதால் வணிகனின் நம்பிக்கை மேலும் உறுதிப்படுகின்றது. எசமானனுக்குக் கருணை வேடத்தைப் புனைந்துவிடுவது, வாய்திறக்க வழியில்லாதவரின் நிராதரவான நிலையே எனலாம்.

தன்னலமே தீது என்று அறவுரையாளர் கூறுவர். எவருடைய தன்னலம் என்று கேட்கவேண்டியிருக்கின்றது. பிரெஹுனோவ் காடொன்றை அதன் பெறுமதியில் மூன்றிலொரு பங்குக்கு வாங்கிவிடத் துடிக்கின்றான். தன் 700 ரூபிளோடு, தன் கையிலிருந்த தேவாலயப் பணம் 2,300ஐயும் சேர்த்துக்கொண்டு, குளிர்காலமென்றும் பாராது புறப்படுகின்றான். இவனுடைய தன்னலத்தையும், எண்பது ரூபிள் தா என்று நிகீத்தா கேட்டிருந்தால் அக்கோரிக்கையில் இருந்திருக்கக்கூடிய தன்னலத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் தகுமோ? ஒன்று பிறர் பங்கை விழுங்குவது. மற்றது தன் பங்கைக் கேட்பது. பிறர் பங்கை மதித்தல் என்பது, அவரும் தம் நலத்தை நாடுதற்கு உரியவர் என ஏற்றுக்கொள்வதே.

இனிப் புயற்காட்சி. முதலில் பிரெஹுனோவ் வேலையாளைக் கைவிட்டுக் குதிரையிலேறி ஓடுகின்றான். வாழ்ந்தென்ன, மாண்டென்ன என்றிருக்கும் நிகீத்தாவின் உயிரைவிடத் தன் உயிர் பெறுமதியானது என்பது அவன் கணிப்பு. குதிரை அவனை மீண்டும் அதே இடத்திற் சேர்க்கின்றது. அதன்பின் அவன் செய்யும் செயலை டால்ஸ்டாய் வருணிக்கும் திறம் வியக்கத்தக்கது. நல்ல கொள்முதலொன்றை முடிக்கும்போது கையடித்துக் கொடுக்கும் அதே உறுதியோடு அவன் பனியை வாரித் தள்ளத் தொடங்குகின்றான். ஆள் மாறவில்லை, வியாபாரியின் கைதான் காப்பாற்றுகின்றது. அன்பையும் தன்னலத்தையும் ஒளியும் இருளுமாகப் பிரித்துப் பார்ப்போர் இந்நுட்பத்தைக் கவனியாது விடுகின்றனர்.

அச்செயலை நாம் சிறுமைப்படுத்தவில்லை. சட்டப்புத்தகம் எதுவும் பனியிற் கிடப்பவனுக்குச் சூடு தராது. ஆனால் ஆண்டின் எஞ்சிய நாட்களில் நிகீத்தாவுக்கு வேண்டியது எசமானனின் மார்புச் சூடு அன்று, எண்பது ரூபிள்.

கதை நிகழும் காலம் 1870கள். 1885 சனவரியில் மொறோசொவ் நெசவாலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியை அரித்துத் தின்ற அபராதங்களே அதற்கு முக்கிய காரணம். 1886இல் சார் அரசு இயற்றிய சட்டம், ஆலைகளிற் கூலிக்குப் பதிலாகச் சாமான் கொடுப்பதைத் தடுத்தது. அபராதத்துக்கு எல்லை வகுத்து, அப்பணம் முதலாளியின் பைக்குட் செல்லாதபடியும் செய்தது. வேலைநிறுத்தத்தைத் தண்டித்த சட்டமும் அதுவே என்பதை மறத்தல் ஆகாது. நிகீத்தாவைப் போன்ற பண்ணையாட்களை அது எட்டவுமில்லை. எனினும், முதலாளிமார் புயலில் அகப்பட்டு மனந்திரும்பட்டும் என்று அத்தொழிலாளர் காத்திருக்கவில்லை.

டால்ஸ்டாய் இதற்கு விடையாக வைப்பது தனிமனிதனின் மனமாற்றம். அவ்விடை எமக்குப் போதாது. ஆயினும் அதற்கு எதிரான சாட்சியத்தையும் அவரே நேர்மையாக எழுதிவைத்திருக்கின்றார். யதார்த்தவாதியின் பெருமை அதிலேயே தங்கியுள்ளது. நிகீத்தா இரண்டு மாதம் மருத்துவமனையிற் கிடக்கின்றான். கால்விரல்கள் மூன்றை இழக்கின்றான். பின்னர் இருபது ஆண்டுகள், முதலிற் கூலியாளாகவும் முதுமையிற் காவலாளாகவும் உழைத்து, தன் வீட்டிலே இறக்கின்றான். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டதையும் ஆசிரியர் குறிப்பிடுகின்றார். இருபது ரூபிள் பாக்கியைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் இல்லை.