கவுனிக் கறுப்பு

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாணங்களில் காலைப் பலகாரத்தோடு கவுனி அரிசி வந்தால், இட்லிக்குக் கை அப்புறம்தான் போகும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறவர் சாயத்தையும் சேர்த்துக் கொட்டுகிறார். குழைய வெந்ததும் சூட்டோடு சீனி, தேங்காய்ப்பூ, நெய். ஏலக்காய் போடுகிற வீடுகள் உண்டு. என்னைக் கேட்டால், அரிசிக்கே இருக்கும் வாசனையை அது அமுக்கிவிடும். வெந்த கவுனியின் நிறம் நாவல்பழத் தோலின் நிறம். இந்த நிறத்தை இத்தனை தலைமுறையாக மங்காமல் வைத்திருப்பது யார் என்று கேட்டால் ஆச்சிமாரின் கைப்பக்குவத்தைச் சொல்வார்கள். நான் நெற்பூவைச் சொல்வேன்.

கவுனி பர்மாவிலிருந்து வந்தது என்பது செட்டிநாட்டார் வாய்வழக்கு. நம்பக்கூடியதுதான். 1937-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அரிசி எப்படி வந்ததோ, வந்த இடத்தில் அதன் குணம் கரைந்துபோகாததற்குக் காரணம் பூவின் அமைப்பு.

காலை ஒன்பது, பத்து மணிக்கு நெல்வயலில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உமியின் இரண்டு இதழ்களும் லேசாக விலகும். ஆறு மகரந்தப்பைகள் வெளியே தொங்கும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். காற்றில் கலப்புக்கு வழிவிட்டது போலத் தோன்றினாலும், உமி விலகும் அந்தக் கணத்திலேயே பைகள் வெடித்து, தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்திருக்கும். வெளியே போன மகரந்தத்துக்கும் ஆயுள் சில நிமிடம்தான். சாகுபடி நெல்லில் அயல் சேர்க்கை பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் விதை நெல் வயலுக்கும் அடுத்த ரகத்துக்கும் இடையே 3 மீட்டர் விட்டால் போதும் என்கிறது நம் நாட்டு விதைச்சான்று விதி. அயல் மகரந்தத்தால் சூல்கொள்ளும் கம்புக்கு அதே விதி 200 மீட்டர் கேட்கிறது.

தன்னையே சூல்கொள்ளும் செடியில், ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் வேறுபட்டிருக்கும் இடங்கள் தலைமுறைக்குப் பாதியாகக் குறையும். ஆறு தலைமுறையில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். குணம் நிலைத்துவிடும், விதைத்தது முளைக்கும். டார்வின் 1876-இல் வெளியிட்ட நூலில், தன் மகரந்தத்தில் பிறந்த கன்றுகள் பல செடிவகைகளில் மெலிந்திருப்பதைக் காட்டினார். நெல்லுக்கு அந்த மெலிவு அதிகம் இல்லை. மறைந்திருந்து கெடுக்கும் மரபணுக்கள் தன்சேர்க்கையில் வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்த செடிகளோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கழிந்துவிட்டன. 

கவுனியில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. கறுப்பு இருப்பது தவிட்டின் வெளித்தோலில். அந்தத் தோல் தாய்ச்செடியின் திசு. பக்கத்து வயல் வெள்ளை அரிசியின் மகரந்தம் தப்பித்தவறி விழுந்தாலும், அந்த மணி கறுப்பாகவே இருக்கும். அதை விதைத்தால் வரும் செடியின் மணிகளும் கறுப்புச் சாயலையே காட்டும். அதற்கடுத்த போகத்தில்தான் செடிக்குச் செடி கறுப்பும் பழுப்பும் வெள்ளையும் பிரியும். கலவன் கண்ணில் படுவதற்குள் இரண்டு போகம் போய்விடும்! ஒட்டரிசியின் ஒட்டும் குணமோ நேர்மாறு: அது தாய், தந்தை இருவரின் பங்கும் சேர்ந்த மாவுப்பகுதியில் இருப்பதால், அயல் மகரந்தம் விழுந்த மணியிலேயே மாற்றம் தெரிந்துவிடும். ஒரே மணியில் ஒரு குணம் தாயை மட்டும் சொல்கிறது, இன்னொன்று தந்தையையும் சொல்கிறது.

இந்தக் கறுப்பே கலப்பில் வந்ததுதான். கறுப்பு அரிசிக்கான மரபணு மாற்றம் நெல்லின் ஜப்பானிகா வகையில் தோன்றி, பிறகு நம் பக்கத்து இண்டிகா வகைகளுக்குக் கலப்பின் வழியே போனது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான அந்தத் தவறுகளில் ஒன்று எங்கோ நடந்தது. தன்சேர்க்கை அதைப் பிடித்து நிலைநிறுத்தியது. தன்சேர்க்கை பரிணாமத்தின் முட்டுச்சந்து என்று தாவரவியலாளர் ஸ்டெபின்ஸ் 1957-இல் எழுதினார். கலப்பே அற்றுப்போன செடிகளுக்கு அது பொருந்தலாம். சற்றே கசிவு விட்டு வைத்திருக்கும் நெல்லைப் பார்க்கும்போது அந்தத் தீர்ப்பு அவசரமாகப் படுகிறது.

ஆனால் தன்சேர்க்கைக்கு ஒரு விலை இருக்கிறது. கம்புக் கொல்லை ஒன்றிலேயே செடிக்குச் செடி வேற்றுமை இருக்கும். நெல்லில் வேற்றுமை பெரும்பாலும் ரகத்துக்கும் ரகத்துக்கும் இடையில்தான். ஒரு ரகம் அழிந்தால் அதன் குணங்களின் தொகுப்பைப் பக்கத்து ரகத்திலிருந்து மீட்டெடுக்க முடியாது. 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் (மறைவு: 2018) ஒவ்வொன்றையும் தனித்தனியாக விதைத்துக் காத்ததன் அருமை இதில்தான் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 57 என்ற புதிய கவுனியை வெளியிட்டிருப்பது நல்லதே. பழையது தனியாக இருக்கட்டும்.

கண்மாய்ப் பாசனத்தில் கவுனி போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விதைக்கு வரப்போரக் கதிரை விட்டுவிட்டு நடுவயல் கதிரை எடுங்கள். கறுப்பாக இருக்கிறதே என்று மணியை நம்பாதீர்கள், செடியைப் பாருங்கள்.