எந்த இருக்கையிலிருந்து?

புதிய உருவம் ஒன்று வந்ததும் பழைய உருவத்தின் ரசிகன் சொல்கிற முதல் வார்த்தை 'போச்சு' என்பதுதான். கவிதை விஷயத்தில் இதைப் பல வருஷங்களாகக் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிறேன். கார் விஷயத்திலும் அதே வார்த்தைதான், அதே தொனியில்தான் என்பது வண்ணார்பேட்டை டீக்கடை ஒன்றில்தான் எனக்குத் தெரியவந்தது.

வங்கியில் கடன் பிரிவு குமாஸ்தா நான். சென்ற வருஷம் ஒருவர் 2001-ம் வருஷத்து ஹோண்டா சிட்டி ஒன்றை வாங்கக் கடன் கேட்டு வந்தார். அத்தனை பழைய வண்டிக்கு விதிப்படி கடன் கிடையாது என்றேன். அவர் வருத்தப்படவில்லை. என்மீது இரக்கப்பட்டார். 'அண்ணாச்சி, இது வீடெக். ஒங்க பாரத்துல அதுக்குக் கட்டமே இல்லியே' என்றார். உண்மை. எங்கள் விண்ணப்பத்தில் வருஷத்துக்கு, விலைக்கு, எஞ்சின் எண்ணுக்குக் கட்டம் உண்டு. உருவத்துக்கு இல்லை. அன்று மாலை அவரோடு டீ குடிக்கப் போனேன். அவருடைய சகாக்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். பிறகு பல மாலைகள் போனேன்.

விஷயம் இதுதான். ஹோண்டா சிட்டி 1998-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு, காலை நீட்டி உட்காரும் இருக்கை. சில வருஷங்களில் வந்து சேர்ந்த 1.5 லிட்டர் வீடெக் எஞ்சினுக்கு 106 குதிரைத்திறன். அன்றைய இந்தியச் சாலைக்கு அது பெரிய சங்கதி. 2003-ல் கம்பெனி அந்தக் காரை முழுக்க வேறாக வரைந்தது. கூரை உயர்ந்தது. மூக்கு குட்டையாயிற்று. முன்கண்ணாடி முன்னே நகர்ந்தது. பெட்ரோல் டாங்க் முன் இருக்கைகளுக்கு அடியில் போனதால் பின்பக்கம் இடம் பெருகிற்று. எஞ்சினின் அளவு அதே 1.5 லிட்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், சிக்கனம் அதிகம், திறன் மட்டும் 77. பெயர் அதே சிட்டி. சந்தையில் இதற்கு 'டால்பின்' என்று பெயர் விழுந்தது. டீக்கடையில் இதற்கு வழங்கிய பெயர்களை இங்கே அச்சிட முடியாது.

இவர்களுடைய கோபத்தைவிட அதன் திட்டம்தான் என்னைக் கவர்ந்தது. 'நல்லா இல்ல' என்பதோடு யாரும் நிறுத்தவில்லை. ஜன்னல் கோடு எங்கே தொடங்கி எங்கே ஏறுகிறது, சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி, உட்கார்ந்தால் பானெட் கண்ணில் படுகிறதா, கியரை மாற்றும்போது முழங்கை எங்கே இடிக்கிறது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார்கள். ஒரு கவிதையின் வரி ஏன் அந்த இடத்தில் முறிகிறது என்று நம்மில் எத்தனை பேர் இப்படிக் காட்டியிருக்கிறோம்? தரிசனம், ஆழம், பிரக்ஞை என்று மூன்று சொற்களைச் சுற்றிவிட்டுக் கட்டுரையை முடித்துவிடுகிறோம். ஸ்தூலமான பொருளோடு பழகிய கை பொய் சொல்லாது.

ஆனால் கைக்கும் பழக்கம் என்று ஒன்று உண்டு. முதலில் பழகியதையே இலட்சணம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வருவதெல்லாம் அதிலிருந்து சரிந்தது என்று அளக்கும். இது டீக்கடைக்கு மட்டும் உரிய வியாதியல்ல. 2001-ல் பி.எம்.டபிள்யூ தன் ஏழாம் வரிசைக் காரின் பின்பகுதியை மாற்றி, உள்ளே பொத்தான்களின் வேலையையெல்லாம் ஒரு குமிழுக்கும் திரைக்கும் தள்ளியபோது, வடிவமைப்புத் தலைவர் கிறிஸ் பேங்கிளை நீக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். இன்று திரையில்லாத புதுக் கார் அபூர்வம். வேர்ட்ஸ்வொர்த் தன் 'பிரெலூட்' காவியத்தை வாழ்நாளெல்லாம் திருத்திக்கொண்டிருந்தார். 1850-ல் அது வெளிவந்தது. 1805-ம் வருஷத்துப் பிரதி 1926-ல் அச்சானதும், திருத்தியதால் கெட்டது என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராயிற்று. 1959-ல் 'எழுத்து' தொடங்கிப் புதுக்கவிதை தழைத்தபோது யாப்புப் பண்டிதர்கள் சொன்னதும் 'போச்சு' என்பதுதான். அன்று அந்த வசையை வாங்கியவர்களின் வாரிசுகள் நாம். இன்று அதையே இன்னொருவருக்குக் கொடுக்கிறோம்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் 2003-ம் வருஷத்து வண்டி வைத்திருந்தார். அப்பா விட்டுப்போனது. 'வித்துதுல்லா வே' என்பதுதான் அவருடைய ஒரே வாதம். அது வாதமல்ல. விற்பனையை எண்ண வங்கி போதும், விமர்சகன் வேண்டாம். ஆகவே நானும் அவரை மதிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அம்மாவின் முழங்கால் விவகாரம் வந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு அவளைச் சிகிச்சைக்கு அழைத்துவர வேண்டும். கடன் கிடைக்காதவர் நகையை விற்று வீடெக்கை வாங்கியிருந்தார், தானே ஓட்டிவந்தார். சேரன்மகாதேவி தாண்டி, பத்தமடைப் பக்கம் வயல்களுக்கு நடுவில் அந்த வண்டி வளைவுகளை எடுத்த விதத்தை முன் இருக்கையில் உட்கார்ந்து அனுபவித்தேன். இவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை. ஸ்டியரிங்குக்கும் சாலைக்கும் நடுவில் எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. பாளையங்கோட்டை வந்து கதவைத் திறந்தேன். அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. பள்ளத்திலிருந்து ஏற்றுவதுபோல் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம். வழியெல்லாம் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறாள்.

திரும்பும்போது டால்பின்காரர் வந்தார். அம்மா கதவருகே திரும்பி நின்றாள், உட்கார்ந்தாள், காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். 'நாக்காலில உக்காந்த மாதிரில்லா இருக்குய்யா' என்றாள். கூரை ஏன் உயர்ந்தது என்பதற்கு டீக்கடையில் எத்தனையோ காரணங்கள் கேட்டிருக்கிறேன். இது ஒருநாளும் சொல்லப்படவில்லை. அங்கே பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை.

அம்மாவின் முழங்கால் ஓர் அழகியல் வாதம் ஆகாது. அவள் சௌகரியமாக உட்கார்ந்ததால் அந்தக் கார் அழகாகிவிடவில்லை. பெரிய உடம்புக்குச் சிறிய சக்கரம் என்ற குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. 77 என்பது 106 ஆகிவிடாது. எனக்குத் தெளிந்தது வேறு. ஓர் உருவத்துக்கு ஒரு மையம் உண்டு. பழைய சிட்டியின் மையம் ஓட்டுகிறவனின் உள்ளங்கை. புதியதன் மையம் பின்னால் இருப்பவளின் முழங்கால். முதலில் மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் படைப்பு உண்மையாக இருந்ததா என்று பிறகு கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் டீக்கடையில் அகப்படாத நிஜமான குறை ஒன்று அகப்படுகிறது. உள்ளே அந்தக் கார் தன் முடிவைத் தீர்மானமாக எடுத்துவிட்டது. வெளியேதான் தயங்குகிறது. உயரமான வண்டிதான் என்று ஒப்புக்கொள்ளாமல், பழைய சிட்டியின் வம்சம் என்று காட்டிக்கொள்ளப் பின்னால் ஒரு டிக்கியைச் சுமக்கிறது. உயரம் அதன் குற்றமில்லை. உயரத்தை மறைக்கப் பார்த்ததுதான் குற்றம்.

2008-ல் சிட்டி மீண்டும் மாறிற்று. கூர்மையான மூக்கு, 118 குதிரைத்திறன். ரசிகர்கள் சமாதானமானார்கள். கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடுகிற கோபத்தை விமர்சனம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு கடமை இருக்கிறது. நண்பர் ஒருவரின் இரண்டாவது கவிதைத் தொகுதிக்கு இரண்டு வருஷங்களுக்கு முன் மதிப்புரை எழுதினேன். முதல் தொகுதியின் வேகம் போய்விட்டது, வரிகள் பருத்துவிட்டன, வீட்டு மனிதர்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. எழுதவும் இல்லை என்று கேள்வி. அந்த மதிப்புரையைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். வீடெக்காரர் டால்பினைப் பற்றிச் சொன்னதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவரிடமிருந்த திட்டம்கூட என்னிடம் இல்லை.

தொகுதியை மறுபடி படித்தேன். குறையே இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் குறை நான் காட்டிய இடத்தில் இல்லை. அந்த நீண்ட வரிகள் உள்ளே ஆட்களுக்கு இடம்விடுவதற்காக நீண்டவை. அது அவருடைய தீர்மானம், சரியான தீர்மானம். ஒவ்வொரு கவிதையின் முடிவிலும் முதல் தொகுதியின் அந்தச் சுருக்கென்ற கடைசி வரியை மட்டும் ஒட்டவைத்திருக்கிறார். பழைய வாசகனுக்காக, அதாவது எனக்காக. அந்த வரிகளை எடுத்துவிட்டால் பல கவிதைகள் நிமிர்ந்து நிற்கும்.

இதை அப்போதே சொல்லியிருந்தால் அவருக்கு உபயோகப்பட்டிருக்கும். சொல்லவில்லை. நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.