ஃபெயின்மன் சொன்ன கதையும் காற்றின் பாகுநிலையும்

முதலில் ஒரு வாக்குமூலம். எம்.எஸ்சி. படித்தபோது எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்கும் எண்ணெய்த்துளி சோதனை எனக்கு வந்தது. இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் துளிகள் மின்னும். ஒன்றைப் பிடித்து, அது விழும் நேரத்தையும் மின்புலம் கொடுத்தால் ஏறும் நேரத்தையும் ஸ்டாப்வாட்ச்சில் குறிக்கணும். இரண்டு நாள் கண் வலிக்க உட்கார்ந்து பன்னிரண்டு துளிகளை அளந்தேன். சராசரி 1.71 × 10⁻¹⁹ கூலும். புத்தகத்தில் இருப்பதோ 1.602.

என்ன செய்தேன்? மதிப்பை அதிகமாகக் காட்டிய மூன்று துளிகளை மட்டும் மறுபடி பார்த்தேன். "துளி பக்கவாட்டில் நகர்ந்திருக்கும்", "வாட்ச்சை லேட்டா அமுக்கியிருப்பேன்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அடித்துவிட்டேன். 1.63 வந்தது. ரெக்கார்டில் கையெழுத்தும் விழுந்தது. குறைவாகக் காட்டிய துளிகளை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சில வருடம் கழித்து ஃபெயின்மனின் 'கார்கோ கல்ட் சயின்ஸ்' உரையைப் படித்தபோது, அவர் என்னைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. 1974-இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் பேசியது அது. பிறகு 1985-இல் வந்த 'ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங்' புத்தகத்தின் கடைசி அத்தியாயமானது. அதில் அவர் சொல்லும் கதை இதுதான்: மில்லிகனின் மதிப்பு கொஞ்சம் தவறு. பின்னால் வந்தவர்களின் மதிப்புகளை வருடவாரியாக வரைந்து பார்த்தால், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் சரியான இடத்தில் நிற்கும். ஏன் முதலிலேயே சரியான எண்ணுக்குத் தாவவில்லை? மில்லிகனைவிட அதிகமாக வந்தால் எங்கே தப்பு என்று தேடினார்கள். அவருக்குப் பக்கத்தில் வந்தால் தேடவில்லை.

அருமையான கதை. பிழைகளைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் இது வராமல் இருப்பது அபூர்வம். நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் மதிப்புகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், கதை அப்படி ஏறவில்லை. என் விமர்சனம் இங்கேதான் தொடங்குது.

மில்லிகன் 1913-இல் வெளியிட்ட மதிப்பு, அன்றைய நிலைமின் அலகில் 4.774 ± 0.009 (எல்லாவற்றையும் 10⁻¹⁰ ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்). 1917-இல் மறுபடி வெளியிட்டார்: அதே 4.774, ஆனால் இப்போது ± 0.005. இன்றைய மதிப்பு 4.803. வித்தியாசம் 0.6 சதவீதம்தான். ஆனால் அந்த ± உடன் ஒப்பிட்டால்? முதல் மதிப்பில் பிழை எல்லையைப்போல் மூன்று மடங்கு தள்ளி, இரண்டாவதில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு தள்ளி உண்மை நிற்கிறது. நாலு வருடத்தில் எண் மாறவில்லை, நம்பிக்கை மட்டும் கூடியிருக்கிறது.

அடுத்த பத்து வருடத்தில் மதிப்பு மெல்ல ஏறியதா? இல்லை. 1929-இல் இயற்பியல் மாறிலிகளையெல்லாம் அலசித் தொகுத்த ரேமண்ட் பெர்ஜ் கொடுத்த எண் 4.770. ஏறுவதற்குப் பதில் சற்று இறங்கியிருக்கிறது! படிப்படியாக ஏறும் மாடிப்படி இல்லை இது. நீண்ட சமவெளி, பிறகு ஒரு தாவல். அந்தத் தாவல் எண்ணெய்த்துளியிலிருந்து வரவில்லை, எக்ஸ் கதிரிலிருந்து வந்தது. கோடு கீறிய கீற்றணியில் எக்ஸ் கதிரைச் சாய்வாக விழவைத்து அலைநீளத்தை நேரடியாக அளக்கலாம் என்று 1925-இல் காம்ப்டனும் டோனும் காட்டினார்கள். அலைநீளம் தெரிந்தால் படிகத்தில் அணு அடுக்குகளின் இடைவெளி தெரியும். அதிலிருந்து அவகாட்ரோ எண். அதிலிருந்து, ஃபாரடே மாறிலியின் துணையோடு, எலக்ட்ரானின் மின்னூட்டம். துளியும் வேண்டாம், காற்றும் வேண்டாம். 1928-இல் உப்சாலாவில் பேக்லின், பிறகு அமெரிக்காவில் பியர்டன் என்று இந்த வழியில் போனவர்களுக்கு மில்லிகனைவிடப் பெரிய எண் வந்தது.

முதலில் சந்தேகம் படிகத்தின் மேல்தான் விழுந்தது. இதுவரை ஃபெயின்மன் சொன்ன மனநிலை உண்மைதான். ஆனால் கோளாறு இருந்த இடம் வேறு. துளி விழும் வேகத்திலிருந்து அதன் ஆரத்தைக் கண்டுபிடிக்க, காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்று தெரியணும். அதுதான் பாகுநிலை. ஆரத்தில் அதன் வர்க்கமூலம் ஒருமுறை வருகிறது. துளியின் மேலான விசையைக் கணக்கிடும்போது பாகுநிலை நேரடியாகவே இன்னொருமுறை வருகிறது. ஆக மொத்தம் மின்னூட்டம் பாகுநிலையின் 3/2 அடுக்கில் மாறும். பாகுநிலையில் 0.4 சதவீதப் பிழை இருந்தால் மின்னூட்டத்தில் 0.6 சதவீதம். மில்லிகன் பயன்படுத்திய பாகுநிலை, 23 டிகிரியில் 1.824 × 10⁻⁴ சி.ஜி.எஸ். அலகு. அது கிட்டத்தட்ட அந்த அளவுதான் குறைவு. மர்மம் தீர்ந்தது.

இந்த எண்ணை யாரும் சரிபார்க்கவில்லையா? சரிபார்த்தார்கள்! 1916-இல் மில்லிகனின் அதே சிகாகோ ஆய்வகத்தில் ஹாரிங்டன் சுழலும் உருளையை வைத்து மிகக் கவனமாக அளந்தார். ஏறக்குறைய அதே எண் வந்தது. நம்பிக்கை இன்னும் இறுகியது. 1932-இல் ஷிபா என்ற ஜப்பானியர் பாகுநிலையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றார். 1930களின் நடுவில் உப்சாலாவில் கெல்ஸ்ட்ரோம் புதிதாக அளந்தபோது பெரிய எண் வந்தது. துளிச் சோதனையின் மதிப்பு எக்ஸ் கதிர் மதிப்பை நெருங்கியது.

ஃபெயின்மனுக்கு இது தெரியாததல்ல. பாகுநிலை தவறு என்று அவரே சொல்கிறார். ஆனால் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நேராக மனிதர்களின் தயக்கத்துக்குப் போய்விடுகிறார். எனக்கு அங்கேதான் இடிக்குது. அவர் சொல்லும் மருந்து, உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளாதே என்பது. என் ரெக்கார்டு நோட்டுக்கு அந்த மருந்து சரி. மில்லிகனின் பிழைக்கு? அவர் எவ்வளவு நேர்மையாக இருந்திருந்தாலும், இன்னும் ஆயிரம் துளிகளை அளந்திருந்தாலும், அதே 4.774 தான் வந்திருக்கும். எல்லாத் துளிகளும் ஒரே காற்றில் விழுந்தன, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத்தான் போட்டார். பாகுநிலையில் பிழை இருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அது மிகச் சிறியது என்று நம்பினார், அவ்வளவுதான்.

சரி, அப்போ மில்லிகன் நேர்மையானவரா? அது தனிக் கதை. 1913 கட்டுரையில் 58 துளிகளைக் கொடுத்து, இவை பொறுக்கி எடுத்தவை அல்ல என்றார். 1978-இல் ஜெரால்ட் ஹோல்டன் அவருடைய நோட்டுப் புத்தகங்களை ஆராய்ந்தபோது வெளியிடப்படாத துளிகள் நிறைய இருப்பது தெரிந்தது. பிறகு ஆலன் ஃபிராங்க்ளின் விட்டுப்போனவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். முடிவு சுவாரசியமானது: மின்னூட்டத்தின் மதிப்பு பெரிதாக மாறவில்லை, சிதறலால் வரும் பிழைதான் சற்றுக் கூடியது. அதாவது, துளிகளைக் கழித்ததால் எண் நகரவில்லை. ± தான் அழகானது.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது ஒன்று. எல்லா அளவுகளும் சேர்ந்து ஒரே பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கின்றனவா என்பது வேறு. முதலாவதைத் திரும்பத் திரும்ப அளந்து குறைக்கலாம். இரண்டாவது அப்படி அளந்தால் தெரியவே தெரியாது. அதே முறையை வேறொருவர் செய்தாலும், கடன் வாங்கிய எண் ஒன்றாக இருந்தால், தெரியாது. அந்த எண்ணைத் தொடாத வேறு வழி ஒன்று வேண்டும். பாடப்புத்தகத்தில் முறையான பிழை, ஒழுங்கற்ற பிழை என்று இரண்டையும் படிக்கிறோம். பிறகு லேபுக்குப் போய் சராசரி எடுத்து, 'சதவீதப் பிழை' என்று புத்தக மதிப்போடு ஒப்பிட்டு முடித்துவிடுகிறோம். விடை முன்பே தெரிந்த இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் பழக்கம் அது. மில்லிகனுக்கு ஒப்பிடப் புத்தகம் இல்லை.

2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு ± கிடையாது. 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று வரையறுத்தே விட்டார்கள். காற்றின் பாகுநிலைக்கு இன்னும் ± உண்டு.

போன மாதம் அந்தப் பழைய ரெக்கார்டைத் தேடி எடுத்தேன். அடித்த மூன்று துளிகளைப் பற்றி எனக்கு இத்தனை வருடமாகக் குற்ற உணர்ச்சி. ஆனால் 'தரவுகள்' என்ற தலைப்பின் கீழே, காற்றின் பாகுநிலை என்று லேப் கையேட்டிலிருந்து ஒரு வரியை அப்படியே எழுதியிருக்கிறேன். எந்த வெப்பநிலையில் அளந்தது என்றுகூடக் குறிக்கவில்லை. எங்கள் லேபில் மத்தியானம் எத்தனை டிகிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும், 23 நிச்சயமாக இல்லை. அந்த வரியை நான் ஒருமுறைகூடச் சந்தேகித்ததில்லை.