கேட்டோடு நின்றுவிடும் முதலுதவி

2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆவது பிரிவைத் திரும்ப வாசித்தேன். 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர். 500 பேரைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் அறை. நல்ல ஏற்பாடுதான். ஆனா, கணக்கு தொழிற்சாலை கேட்டோடு முடிஞ்சுபோச்சு.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கு உணவு நஞ்சானது விடுதியில். 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

வாந்திபேதியில் குழிவிழுந்த கண், வறண்ட நாக்கு, வேகமான நாடி எல்லாம் உடம்பில் நீர் வற்றுவதன் அடையாளம். நினைவிருந்தால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்கணும். இது தெரிஞ்ச ஆள் ஷிஃப்டில் மட்டும் இருந்தா போதுமா? ஒரகடம்வரை தொழிலாளர்கள் தூங்கும் அறைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?