விரலுக்கு அடங்காத பக்கம்

மின்னூல் வாசிப்புச் செயலிகளைப் போற்றுவோர், அவை வாசகனுக்கு அளிக்கும் ஆட்சியையே முதலில் எடுத்துரைப்பர். எழுத்தைப் பெரிதாக்கலாம், ஒரு சொல்லைத் தேடி அது வரும் பக்கத்துக்கே தாவலாம், விட்ட இடத்துக்கு மீளலாம். உண்மையே. ஆனால் இவ்வாட்சி எந்த நூல்கள்மீது செல்லுபடியாகிறது?

தலவாக்கலையில் லயத்து வீட்டிலிருந்து படிக்கும் மாணவிக்கு மலையக நூல்கள் பல, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தின் வாயிலாகவே கிட்டுகின்றன. அத்தொண்டு பெரிது. எனினும் அங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். எழுத்தாகவே அமைந்த ஈபப் நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரையின் அகலத்துக்கேற்ப மடிந்துகொள்ளும். படத்தைப் பெரிதாக்கினாலோ பக்கமே வீங்குகிறது. வரியின் தலைக்கும் வாலுக்குமாக இழுத்திழுத்து, அடுத்த வரியைத் தவறவிட்டு, கதையை விட்டுத் தன் விரலைக் கவனிக்கிறாள் வாசகி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, ‘பிரட்டு’ என்னும் தோட்டச் சொல்லை எங்கேனும் ஆளுகிறாரா என்றறிய, பக்கம் பக்கமாகக் கண்ணால் துழாவத்தான் வேண்டும்.

சில நூல்களுக்கு எழுத்துணரியாக்கப் பிரதியும் அத்தளத்தில் உண்டு. ஆயினும் இயந்திரம் வாசிக்கையில் ரகரமும் காலும் மயங்கும். மங்கிய அச்சில் புள்ளிகள் உதிரும். செயலியில் எத்தனை பொத்தான்களைக் கூட்டினும் இக்குறை தீராது. மூலத்தோடு ஒப்புநோக்கும் கண்கள் வேண்டும். வகுப்பில் நாற்பது மாணவர், ஆளுக்கு நான்கு பக்கம்: 160 பக்கச் சிறுகதைத் தொகுதியொன்று ஒரே தவணையில் முடிந்துவிடும். பதிப்புரிமை உடையோரின் இசைவை மட்டும் முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும்.